பின்னால் வரும் டிரெய்லருக்கும் தனி ஆர்.சி. வேண்டும்



போன தர்பூசணி சீசனில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் டிராக்டர், மரக்காணம் பக்கத்திலிருந்து பழம் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனது. எல்லையைத் தாண்டியதும் அதிகாரி வண்டியை நிறுத்தினார். டிரைவர் தம்பி ஆர்.சி.யை எடுத்துக் காட்டினார். "இது டிராக்டருக்கு. பின்னாடி இருக்கிற டிரெய்லருக்கு எங்கேப்பா?" என்று அதிகாரி கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை. டிரெய்லர் உள்ளூர்ப் பட்டறையில் செய்தது. நம்பரும் இல்லை, பேப்பரும் இல்லை.

வண்டி இரண்டு நாள் அங்கேயே நின்றது. பழத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த மாதக் கடன் தவணையைக் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. இதில் எங்கள் தவறும் உண்டு. கடன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தபோது நாங்களும் டிரெய்லர் பேப்பரைக் கேட்கவில்லை. இன்னொரு குழுவுக்கு இந்த நிலைமை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

டிரெய்லர் தனி வண்டியா?

ஆமாம். "இன்ஜின் இல்லாத பெட்டிதானே, அதுக்கு எதுக்கு நம்பர்?" என்று பலரும் கேட்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. அதனால் அதற்கும் தனிப் பதிவு, தனி நம்பர் வேண்டும். அந்த நம்பரை டிரெய்லரின் பக்கவாட்டில் எழுத வேண்டும். இழுத்துப் போகிற டிராக்டரின் நம்பரும் டிரெய்லரில் தெரிய வேண்டும்.

பதிவு செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 20-ல் விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் தரும் படிவம் 21, தயாரித்தவர் தரும் படிவம் 22, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். பட்டறைக்காரர் "பேப்பர் எல்லாம் வேணாம்மா, விலை கம்மியா போட்டுத் தர்றேன்" என்று சொன்னால் உஷாராக இருங்கள். 21-ம் 22-ம் தர முடியாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடலோரக் குழுக்கள் ஃபைபர் படகை டிரெய்லரில் வைத்து இழுத்துப் போனாலும் இதே சட்டம்தான். மீன்வளத் துறையில் வாங்கிய பதிவு எண் படகுக்கு மட்டும்தான். அது டிரெய்லருக்கு ஆகாது.

எல்லை தாண்டினால் எது செல்லும், எது செல்லாது?

நம் மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும். விளைச்சலை விற்றுவிட்டுத் திரும்பவோ, அறுவடை சீசனுக்கு மூன்று நாலு மாதம் போய் வரவோ நம்பரை மாற்ற வேண்டியதில்லை. வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும்.

ஆனால் பெர்மிட் அப்படி இல்லை. சரக்கு வண்டிக்கு ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட், அடுத்த மாநிலத்தின் மேலொப்பமோ, இரண்டு மாநிலத்துக்கும் இடையில் ஒப்பந்தமோ, நேஷனல் பெர்மிட்டோ இல்லாமல் அங்கே செல்லாது. வரியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புதுச்சேரி நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது வேறு மாநிலம்தான்.

சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சின்ன லோடு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. மொத்த எடை எவ்வளவு என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விவசாய டிராக்டர் என்று பதிவு செய்துவிட்டு, வாடகைக்குச் செங்கல், ஜல்லி ஏற்றினால் அது சரக்கு வண்டி ஆகிவிடும். பெர்மிட், வரி எல்லாம் கேட்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிடும். வாடகைக்கு விடுகிற குழுக்கள் முதலிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அந்த வகையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பி.ஒய். நம்பர் வண்டி விலைக்கு வந்தால்?

புதுச்சேரிப் பதிவு வண்டி, அதாவது பி.ஒய். நம்பர் வண்டி, நம் பக்கம் நிறைய விலைக்கு வருகிறது. வாங்குவது தப்பில்லை. ஆனால் விற்பவர் அங்கே தடையின்மைச் சான்று வாங்கித் தர வேண்டும். அது படிவம் 28. விற்பனைக்குப் படிவம் 29, 30. டிராக்டருக்கு ஒரு செட், டிரெய்லருக்கு ஒரு செட் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகி இருந்தால், கடன் முடிந்ததற்குப் படிவம் 35 வேண்டும். இதெல்லாம் கைக்கு வந்தபிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள்.

டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள்

களை எடுக்க, நாத்து நட, கோயில் திருவிழாவுக்கு என்று நாம் எல்லோரும் டிரெய்லரில் ஏறிப் போனவர்கள்தான். டிரெய்லர் சரக்குக்கு மட்டுமே. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் யார் தர வேண்டும்? வண்டியின் உரிமையாளர். குழு வண்டி என்றால் அந்தப் பாரம் நம் தலையில்தான். உயிர் போனால் எந்தப் பணமும் ஈடாகாது என்பது வேறு.

கிளம்பும் முன் பாருங்கள்

1. டிராக்டர் ஆர்.சி., டிரெய்லர் ஆர்.சி. இரண்டும் இருக்கிறதா?
2. இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா? அதில் டிரெய்லர் நம்பரும் எழுதியிருக்கிறதா?
3. சரக்கு வண்டி என்றால் தகுதிச் சான்று, பெர்மிட், அடுத்த மாநில வரி ரசீது இருக்கிறதா?
4. டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா?
5. ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் பாரம் ஏற்றவில்லையே? 2019-ல் திருத்திய சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

பேப்பரைக் கையில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், டிரைவரின் போனில் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் மூலம் காட்டலாம். அதுவும் செல்லும்.

பதிவு இல்லாத வண்டிக்கு முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். அபராதத்தை ஒருநாள் கட்டிவிடலாம். வண்டி நிற்கிற நாட்களுக்கும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

டிராக்டர் வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் படித்துக் காட்டுங்கள். இரண்டு ஆர்.சி.யையும் எல்லா உறுப்பினரும் பார்க்கட்டும். இன்சூரன்ஸ் முடியும் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். டிரெய்லருக்குப் பேப்பர் இல்லாத குழுக்கள் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாங்களும் கூட வருகிறோம்.