நல்கை தில்லியில், விடுப்பு யார் கையில்?

புது தில்லி: கொச்சி மட்டாஞ்சேரி துறைமுகத்தில் ஒரு காலத்தில் "சாப்பா" என்ற முறை இருந்தது. கூட்டத்தில் வீசியெறியப்படும் டோக்கனைப் பாய்ந்து பிடித்தவருக்கே அன்றைய வேலை. விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை எதிர்த்த போராட்டத்தின்போது 1953-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர்.

அதே நகரில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்பட நாடெங்கும் மத்திய அரசு நல்கையில் ஆராய்ச்சித் திட்டங்கள் நடைபெறுகின்றன. இவற்றில் பணிபுரிவோருக்கு மாத ஊதியம் உண்டு. ஆண்டு விடுப்பு? அங்குதான் சிக்கல்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2014-ல் வெளியிட்ட உத்தரவின்படி, இளநிலை, முதுநிலை ஆராய்ச்சியாளர்களுக்குத் தற்செயல் விடுப்பு மட்டுமே. ஆராய்ச்சி இணையாளர்களுக்கு அந்தந்த நிறுவன விதிகளின்படி விடுப்பு. மகப்பேறு விடுப்பு அனைவருக்கும் உண்டு. இளநிலை ஆராய்ச்சியாளரின் உதவித்தொகை 2023-ல் ரூ.37 ஆயிரமாக உயர்ந்தது என்பது வேறு விஷயம்.

நிறுவன விதிகளோ நிரந்தரப் பணியிடங்களை மனதில் கொண்டு எழுதப்பட்டவை. திட்டப் பணியாளர் அந்தப் பணியிடம் எதிலும் இல்லை. பல்கலைக்கழகம் தில்லியைக் காட்ட, தில்லி பல்கலைக்கழகத்தைக் காட்டுவதற்கு இதுவே வசதி. மகப்பேறு விடுப்பிலும் நெருடல் உண்டு: ஊழியர் விடுப்பில் இருந்தாலும் திட்டத்தின் காலக்கெடு நிற்பதில்லை. மாற்று ஆளுக்குத் தனி நிதி இல்லையேல் சுமை சக ஊழியர் மீதே விழும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு சலுகை தொடரும் என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அது தில்லி அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரின் வழக்கு.

பல்கலைக்கழகமும் "தொழில்" என்ற வரையறைக்குள் வரும் என 1978-ல் தீர்ப்பு எழுதியவர், பிற்காலத்தில் கொச்சியில் வாழ்ந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஆனால் ஆசிரியர் "தொழிலாளி" அல்லர் என்று 1988-ல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. ஆய்வகத்தில் இருப்பவர் எந்தப் பக்கம்? 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஆண்டில் 180 நாள் உழைத்த தொழிலாளிக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு தருகிறது. அதைப் பெறுவதற்கும் முதலில் "தொழிலாளி" ஆக வேண்டும்.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, 5 ஆண்டுகளில் ரூ.50 ஆயிரம் கோடி என்ற இலக்கு பெரிதாகப் பேசப்பட்டது. அந்தப் பணத்தில் வேலை செய்வோரின் விடுப்பை முறைப்படுத்த அதைவிடப் பொருத்தமான தருணம் அவைக்கு வாய்த்ததில்லை.