21 கி.மீ. ஓடப் போறீங்களா? கொப்புளம், கறுத்த நகம் எல்லாம் சகஜம்... நெஞ்சு வலிச்சா மட்டும் உடனே நில்லுங்க!

சென்னை,

அதிகாலை 4.45 மணி. மெரினா காமராஜர் சாலையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் சிலர் தொடர்ந்து ஓடிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போலீஸ் வேலைக்கு தயாராகும் பையன்கள் ஒரு பக்கம். தொப்பையைக் குறைக்க வந்தவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு நடுவில் அவசரமே இல்லாமல் ஒரே சீராக ஓடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் அரை மாரத்தானுக்கு பயிற்சி எடுப்பவர்கள்.

முழு மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. அதில் பாதி 21 கி.மீட்டரும் 97½ மீட்டரும். உழைப்பாளர் சிலையில் இருந்து கலங்கரை விளக்கம் வரை ஓடி, திரும்பி வந்து, இப்படியே ஏறக்குறைய நாலு தடவை செய்தால் கணக்கு சரியாகும். பல போட்டிகளில் இதை 3 அல்லது 3½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று கெடு வைக்கிறார்கள்.

இது பணக்காரர் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராணுவ வீரர் அவினாஷ் சாப்ளே, 2020-ல் டெல்லியில் இந்த தூரத்தை 1 மணி நேரம் 30 வினாடியில் ஓடி முடித்தார். நம்ம ஊரில் 2021-ல் சுகாதாரத்துறை அமைச்சரான மா.சுப்பிரமணியன், சர்க்கரை நோயும் விபத்தில் பட்ட கால் அடியும் இருந்தும் 100-க்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடியவர்.

ஆனால் மாதச் சம்பளக்காரர் கால் சுளுக்கினால் லீவு போடலாம். தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் அடுப்பு எரியாது. அதனால் எந்த வலி தானாகப் போகும், எந்த வலி ஆளையே சாய்க்கும் என்று தெரிந்துகொண்டு ஓடுவது அவருக்குத்தான் ரொம்ப முக்கியம்.

மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலி ஏன்?

உதாரணத்துக்கு ஐஸ்அவுசில் ஆட்டோ ஓட்டும் 38 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜனவரி போட்டிக்கு செப்டம்பரில் பயிற்சியை ஆரம்பிக்கிறார். முதல் நாள் ஆர்வக்கோளாறில் 5 கி.மீ. பாய்ந்து ஓடி விடுகிறார். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை மாடிப்படி ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் "ஐயோ அம்மா" என்று கைப்பிடிச் சுவரைப் பிடிக்கிறார். அதற்கடுத்த நாள் வலி இன்னும் அதிகம். ஆட்டோவில் பிரேக்கை மிதிக்கவே கால் மறுக்கிறது.

பழக்கம் இல்லாத வேலை கொடுத்ததால் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச்சின்ன கிழிசல்கள் ஏற்படுகின்றன. வலிக்கு அதுதான் காரணம். படி இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டி இருப்பதால் அப்போது வலி கூடுகிறது. "காலில் அமிலம் தேங்கிப் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. ஓடும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் ஓரிரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இருந்து நீங்கி விடும். இந்த வலி 2, 3 நாளில் தானாகக் குறையும். சும்மா நடந்து கொடுத்தால் போதும்.

அதுவே ஒரே இடத்தில், விரல் வைத்தால் சுள்ளென்று குத்துகிற வலி முழங்காலுக்குக் கீழ் எலும்பில் இருந்தால் கதை வேறு. எலும்பில் மெல்லிய கீறல் விழ ஆரம்பித்திருக்கலாம். அதோடு ஓடினால் வாரக்கணக்கில் படுக்க வேண்டி வரும். அங்கேயே நிறுத்தி விட்டு அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரைப் பார்த்து விடுவது நல்லது.

பேசிக்கொண்டே ஓடணும்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, தினமும் வேகமாக ஓடுவது. பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் ரெண்டு வரி பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். பேச முடியாமல் "ஹ... ஹ..." என்று இழுத்தால் வேகத்தைக் குறைக்கணும். வாரத்தில் 3 அல்லது 4 நாள் ஓடினால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். அதையும் வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை கி.மீட்டராகத்தான் கூட்ட வேண்டும். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகி விடும். எலும்பும் ஜவ்வும் பழக மாதங்கள் ஆகும். நுரையீரல் "போலாம் ரைட்" சொல்லும்போது முழங்கால் தயாராக இருக்காது. பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நாள் முழுக்க மூட்டை தூக்குபவர், சாரம் ஏறுபவர் எல்லோருக்கும் அந்த வேலையே ஒரு பயிற்சிதான். பளுவான வேலை செய்த மறுநாள் ஓட்டத்தை விட்டு விட்டால் ஒன்றும் குறைந்து போகாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேராக ஓட வருவது மட்டும் கூடாது.

சட்டையில் ரத்தம்!

10 கி.மீட்டரைத் தாண்டும்போது வெளியில் சொல்லக் கூச்சப்படும் சங்கடங்கள் தலைகாட்டும். வியர்வையில் நனைந்த பனியன் உரசி ஆண்களுக்கு மார்புக் காம்பில் ரத்தம் கசியும். தொடை இடுக்கில் தோல் உரிந்து, குளிக்கும்போது உயிர் போகும். ஓடுவதற்கு முன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவினால் போதும். மார்பில் சின்ன பிளாஸ்டர் ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. சிரிக்காதீங்க, ஒரு தடவை பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கால் பெருவிரல் நகம் கறுத்துப் போவதும் அப்படித்தான். நகம் ஷூவின் முனையில் ஆயிரக்கணக்கான தடவை இடித்து, அடியில் ரத்தம் கட்டுகிறது. கொஞ்ச நாளில் பழைய நகம் விழுந்து புதுசு முளைக்கும். விரல் முனைக்கு முன்னால் அரை இஞ்ச் இடம் இருக்கும்படி ஷூ வாங்கினால் இந்த தொல்லை குறையும். சர்க்கரை நோயாளிகள் மட்டும் எந்தக் கொப்புளத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. அவர்களுக்கு சின்னப் புண்ணும் பெரிசாகி விடும்.

அப்புறம் வயிறு. ஓடும்போது ரத்தம் குடலை விட்டு கால்களுக்குப் போகிறது, குடலும் குலுங்குகிறது. பாதி வழியில் "அவசரம்" வருவதற்கு இதுதான் காரணம். முதல் நாள் ராத்திரி பிரியாணியை ஒரு கட்டு கட்டி விட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வாழைப்பழத்தோடு கிளம்புவது உத்தமம். வழியில் கழிவறை எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர், நவம்பரில் மழை வந்து விடும். ஷூ நனைந்தால் வெயில் கிடைக்காது. நேற்றைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்தால் மறுநாள் காலைக்குள் ஈரம் ஓரளவு இழுத்து விடும். ஒரு ஷூ 500-ல் இருந்து 800 கி.மீ. வரை உழைக்கும்.

நாய் துரத்தினால்...

அதிகாலை ஓட்டக்காரர்களின் முதல் எதிரி தெரு நாய். அது துரத்தும்போது வேகமாக ஓடினால் இன்னும் வெறியோடு துரத்தும். ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை முறைக்காமல் மெதுவாக நகர வேண்டும். கடித்து விட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். ஊசி அங்கே இலவசம். சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியும் போட்டே ஆக வேண்டும்.

இருட்டில் தனியாக ஓட பெண்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாலு பேராகச் சேர்ந்து வருபவர்கள்தான் விடாமல் பயிற்சியைத் தொடர முடிகிறது. பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நல்லா சாப்பிட்டும் சீக்கிரமே மூச்சு வாங்கினால் சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொள்ளாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீரும் ஆபத்தா?

சென்னை காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வடிந்து விடுவதால் உடம்பு குளிர்வதில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். சட்டை காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது உப்பு.

அதற்காக குடம் குடமாகக் குடிக்கலாமா? கூடாது! அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் மூளை வீங்கும். அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தை சோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது. அதில் 13 சதவீதம் பேருக்கு உப்பு குறைந்திருந்தது. தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உப்பு போட்ட நீராகாரம், மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். நல்லது.

இன்னொரு கெட்ட பழக்கம், ஓடுவதற்கு முன்பே மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் டைக்ளோபினாக், புரூபன் மாதிரி மாத்திரைகள் கிட்னியைப் பதம் பார்த்து விடும்.

இதெல்லாம் வந்தால் ஸ்டாப்!

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்கு ஓடும் வலி, கண் இருட்டுவது, இதயம் தாறுமாறாகத் துடிப்பது... இதில் எது வந்தாலும் "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று பார்க்காமல் நின்று 108-க்கு போன் போட வேண்டும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்து உட்கார்ந்து நேரத்தை வீணாக்கியவர்கள் பலர்.

கூட ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ வெப்ப மயக்கம் என்று சந்தேகப்பட வேண்டும். அவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. நிழலில் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும் வரை தலை முதல் கால் வரை குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து கிட்னியை அடைக்கிறது என்று அர்த்தம். அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்கி இருக்கும்.

40 வயதைத் தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், வீட்டில் யாராவது இளம் வயதில் மாரடைப்பில் இறந்திருந்தால் அவர்கள், பயிற்சியை ஆரம்பிப்பதற்கு முன்பே பி.பி., சுகர், இ.சி.ஜி. பார்த்து விட வேண்டும்.

போட்டி நாளில் புது ஷூ போடாதீர்கள். நெஞ்சில் குத்தும் நம்பர் அட்டையின் பின்பக்கம் பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, வீட்டு போன் நம்பர் நாலையும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, வியர்வையில் அழியாமல் இருக்க மேலே ஒரு செலோ டேப் ஒட்டி விடுங்கள்.