'ஹேங் ஆன்' என்றால் காத்திருங்கள்... 'ஹேங் அப்' என்றால்?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நல்ல மதிப்பெண்ணோடு கல்லூரிப் படிப்பை முடித்த பெண். செல்போனில் நேர்காணல். முதல் ஐந்து நிமிடம் கேள்வியும் பதிலும் தடங்கல் இல்லாமல் போகின்றன. திடீரென்று எதிர்முனையில் இருப்பவர், "ஹேங் ஆன் எ மினிட்" என்கிறார். அந்தப் பெண்ணின் காதில் 'ஹேங்' மட்டும்தான் விழுகிறது. போனை வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, "தேங்க்யூ சார்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்.

அவர் சொன்னதோ, 'ஒரு நிமிடம் லைனில் இருங்கள்' என்று! போனை வைப்பதற்குச் சொல்வது 'ஹேங் அப்'. 'ஆன்', 'அப்' என்ற இரண்டே எழுத்துச் சொற்களுக்கு இடையில் ஒரு வேலையே கைநழுவிப் போகலாம்.

ஒரு வினைச்சொல், அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னச் சொல், இரண்டும் சேர்ந்தால் புது அர்த்தம். ஆங்கிலத்தில் இதைத்தான் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள். பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்துபோனதோடு பலரும் மறந்துவிட்ட விஷயம் இது. ஆனால், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வீட்டிலும் ஆபீஸிலும் பேசும்போது மூச்சுக்கு மூச்சு வந்து விழுவது இதுதான்.

மழை எதை வாங்கியது?

'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. அப்படியானால் 'கிவ் அப்' என்பதற்குக் 'கைவிடு' என்ற அர்த்தம் எங்கிருந்து வந்தது? இது என்ன மொழியோ என்று சலித்துக்கொள்வதற்கு முன்னால், கொஞ்சம் நம் பேச்சையும் கவனித்துப் பாருங்கள்.

"நேற்று மழை வெளுத்து வாங்கிவிட்டது" என்கிறோம். தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் அகராதியைப் புரட்டினால், வெளுப்பது என்றால் துணி துவைப்பது, வாங்குவது என்றால் காசு கொடுத்துப் பெறுவது என்று இருக்கும். மழை எதை வெளுத்தது, எந்தக் கடையில் எதை வாங்கியது என்று அவர் தலையைச் சொறிவார்!

'பார்' என்பது வேறு. 'பார்த்துக்கொள்' என்பது வேறு. "குழந்தையைப் பார்" என்றால் கண்ணால் பார்ப்பது. "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்றால் பொறுப்பை ஏற்பது. ஆங்கிலத்திலும் அச்சு அசலாக அதேதான். 'லுக்' என்றால் பார். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். தள்ளிப்போடு என்பதற்கு 'புட் ஆஃப்', பொறுத்துக்கொள் என்பதற்கு 'புட் அப் வித்', கண்டுபிடி என்பதற்கு 'ஃபைண்ட் அவுட்', விட்டுக்கொடு என்பதற்கு 'கிவ் இன்'. நம் வீட்டில் தினமும் புழங்கும் சொற்களுக்கு அங்கே இப்படி ஜோடிகள் இருக்கின்றன.

'விட்டுக்கொடு' என்பதை யாரும் 'விடு', 'கொடு' என்று பிரித்துப் பொருள் தேடுவதில்லை. முழுதாக ஒரே சொல்லாகத்தான் மனதில் வைத்திருக்கிறோம். 'கிவ் இன்' என்பதையும் அப்படியே ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டால், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

கடினமானது தெரியும், எளிதானது தெரியாது

'போஸ்ட்போன்' தெரியும், 'புட் ஆஃப்' தெரியாது. 'டாலரேட்' தெரியும், 'புட் அப் வித்' தெரியாது. 'எக்ஸ்டிங்குயிஷ்' தெரியும், தீயை அணைப்பதற்கு 'புட் அவுட்' என்றால் விழிப்போம். ஆங்கிலேயக் குழந்தைக்கோ இது அப்படியே தலைகீழ்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பிறகு அரண்மனையில் பிரெஞ்சும், தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீனும் கோலோச்சின. அந்த வழியில் வந்த கனமான சொற்கள் புத்தகத்துக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் போயின. சமையலறையிலும் வயல்வெளியிலும் 'கெட்', 'புட்', 'டேக்', 'கம்', 'கோ' போன்ற சின்னச் சின்ன வினைகளே நிலைத்தன. அவற்றோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' சேர்ந்து நூற்றுக்கணக்கான புது அர்த்தங்கள் பிறந்தன. நமக்கு ஆங்கிலம் பெரும்பாலும் பாடப்புத்தகம் வழியாக வந்ததால், கனமான பக்கம் மட்டும் கைக்கு வந்தது.

இது நமக்கு மட்டுமான சங்கடமும் இல்லை. 1755-ல் தன் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டாரை மிகவும் சிரமப்படுத்துவது இந்த வகைச் சொற்களே என்று அதன் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பரவலாக்கியவர் லோகன் பியர்சால் ஸ்மித். 1925-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தப் பெயர் இடம்பெற்றது.

ஏற்கெனவே கையில் இருப்பவை

டாக்டரிடம் 'செக்கப்', கல்யாணத்துக்கு 'மேக்கப்', ஷூட்டிங் முடிந்தால் 'பேக்கப்', காதல் முறிந்தால் 'பிரேக்கப்', விமானத்துக்கு 'டேக் ஆஃப்', கம்ப்யூட்டரில் 'லாக் இன்', சினிமா தியேட்டர் வாசலில் 'கட் அவுட்'. இவையெல்லாம் இந்த வினைகளின் குடும்பத்தில் பிறந்து, பெயர்ச்சொல்லாக நம் வீட்டுக்குள் நுழைந்தவை. ஒன்றுமே தெரியாது என்று நினைப்பவருக்குக்கூட இருபது, முப்பது நிச்சயம் தெரிந்திருக்கும்.

தெரிந்ததில் ஒரு சிக்கலும் உண்டு. "லைட்டை ஆஃப் பண்ணு" என்று தமிழில் பேசிப் பழகிய வாய், ஆங்கிலத்திலும் "ஆஃப் த லைட்" என்று சொல்லிவிடுகிறது. 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்' என்பதில் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிட்டோம்! வேறு சில இடங்களில் தேவையில்லாத வாலை நாமே ஒட்டுகிறோம். 'கோப் அப் வித்' என்பது தவறு. 'கோப் வித்' போதும். 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும்.

வாலுக்கும் குணம் உண்டு

'அப்' பல இடங்களில் ஒரு செயல் முழுதாக முடிவதைச் சொல்லும். 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடி. 'ஆஃப்' பிரிவைக் காட்டும். ரயில் நிலையம் போய் ஒருவரை வழியனுப்புவது 'சீ ஆஃப்'. 'ஆன்' தொடர்வதைக் காட்டும். 'கேரி ஆன்' என்றால் நிறுத்தாமல் தொடரு. 'அவுட்' சில இடங்களில் தீர்ந்துபோவதைச் சொல்லும். வீட்டில் பால் தீர்ந்துவிட்டால் 'ரன் அவுட்'. 'டவுன்' குறைவதைக் காட்டும். 'ஸ்லோ டவுன்', 'காம் டவுன்' எல்லாம் அந்த வகை.

இது கண்டிப்பான சட்டம் இல்லை, ஒரு கைகாட்டி மட்டுமே. 'டர்ன் டவுன்' என்றால் டிவி சத்தத்தைக் குறைப்பதும் உண்டு, வந்த வரனை வேண்டாம் என்று மறுப்பதும் உண்டு. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு 'ஃபில் இன்', 'ஃபில் அவுட்' என்று எதிரெதிர் வால்கள் இரண்டுமே சரி!

இன்னொரு நுணுக்கம். ஃபேனை நிறுத்துவதற்கு 'டர்ன் ஆஃப் த ஃபேன்' என்றும் சொல்லலாம். 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்' வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்காரும். 'டர்ன் இட் ஆஃப்' சரி. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர்' போன்ற சிலவற்றைப் பிரிக்கவே முடியாது. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே சொல்ல வேண்டும்.

காதில் விழுவதும் வேறு மாதிரி இருக்கும். 'பிக் இட் அப்' என்பது வேகப் பேச்சில் 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாக ஒலிக்கும். படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மயக்கமா, பட்டமா?

சில இடங்களில் இது மார்க் விஷயமாக இருப்பதில்லை. "நான் 2018-ல் பாஸ் அவுட் ஆனேன்" என்றால் நம் ஊரில் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு நோயாளி "ஐ பாஸ்ட் அவுட்" என்று சொன்னால், அவர் மயங்கி விழுந்திருக்கிறார். 'பாஸ் அவே' என்றாலோ இறந்துவிட்டார் என்று பொருள்.

தமிழ்நாட்டிலிருந்து பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி போன்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதுகிறார்கள். ஆனால், வார்டில் படுத்திருப்பவர் தேர்வுத்தாள் மொழியில் பேசுவதில்லை. வாந்தி எடுத்தால் 'த்ரோ அப்'. வலி மாத்திரையின் வேகம் குறைந்தால் 'வேர் ஆஃப்'. வீக்கம் வடிந்தால் 'கோ டவுன்'. மயக்கம் தெளிந்தால் 'கம் ரவுண்ட்'. இவை புரியவில்லை என்றால், நோயாளியின் வேதனை பாதிதான் வந்து சேரும். பிரசவம் பார்க்க வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் அம்மாக்களுக்கும் இந்த நாலைந்து தெரிந்திருப்பது நல்லது.

எப்படிப் பழகுவது?

'கெட்' என்று ஆரம்பிக்கும் முப்பதை ஒரே நாளில் மனப்பாடம் செய்தால், மறுநாள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதைவிட, ஒரு சூழலுக்கு நாலைந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில்: தூங்கி எழுவது 'கெட் அப்', உடுத்துவது 'புட் ஆன்', கழற்றுவது 'டேக் ஆஃப்', பொருட்களை எடுத்து ஒழுங்காக வைப்பது 'புட் அவே'.

போனில்: காத்திருப்பது 'ஹேங் ஆன்' அல்லது 'ஹோல்ட் ஆன்', சத்தமாகப் பேசச் சொல்வது 'ஸ்பீக் அப்', திரும்ப அழைப்பது 'கால் பேக்', போனை வைப்பது 'ஹேங் அப்'.

ஆபீஸில்: கூட்டத்தை ரத்து செய்வது 'கால் ஆஃப்', தள்ளிவைப்பது 'புட் ஆஃப்', முன்கூட்டியே நடத்துவது 'பிரிங் ஃபார்வர்ட்', பிறகு பதில் சொல்வது 'கெட் பேக் டு'.

ஒரு நாளைக்கு மூன்று போதும். ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டு விஷயத்தை வைத்தே ஒரு வாக்கியமாக எழுதுங்கள். 'பால் தீர்ந்துவிட்டது' என்பதை ஆங்கிலத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளையும் சொல்லச் சொல்லுங்கள். அகராதியில் பார்க்கும்போது வினையை மட்டும் தேடாமல் வாலோடு சேர்த்துத் தேடுங்கள். விடுப்புக் கடிதத்திலும் அரசு விண்ணப்பத்திலும் 'போஸ்ட்போன்' இருந்துவிட்டுப் போகட்டும். பேச்சில் 'புட் ஆஃப்' வரட்டும்.

மறுபடியும் அந்த போன் விஷயத்துக்கு வருவோம். போனை வைப்பதற்கு ஏன் 'ஹேங் அப்'? அந்தக் காலத்துச் சுவர் டெலிபோனில், பேசி முடித்ததும் ரிசீவரை மேலே கொக்கியில் மாட்டுவார்கள். 'ஹேங்' என்றால் மாட்டு, 'அப்' என்றால் மேலே. கொக்கி போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. ரிசீவரே இல்லாத செல்போனிலும் நாம் "போனை வை" என்று சொல்வதைப் போலத்தான்.

'ஹேங் ஆன்' என்றால் விடாமல் பிடித்துக்கொள்வது. இனி யாராவது அப்படிச் சொன்னால், போனை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். எதிர்முனையில் நல்ல செய்தியாகவும் இருக்கலாம்!