உஷார்! நுவரெலியாக் குளிரிலும் கீபோர்ட் வெந்துபோகும்

மாசி பிறந்தால் மலையகத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். பங்குனி, சித்திரை என்று மாரியம்மன் திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும். தேர் சுற்றி வந்து சேர்ந்த இரவில் இசைக்குழு மேடை ஏறாவிட்டால் திருவிழா நிறைவதில்லை. இன்று பொகவந்தலாவை, நாளை தலவாக்கலை, மறுநாள் நானுஓயா என்று கீபோர்ட் வேனிலேயே குடியிருக்கிற காலம் இது. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் நடுக்கும் குளிர், பின்னேரத்தில் இடிமழை மூன்றும் சேர்ந்து வருவதால், கீபோர்ட்டுக்கு ஆண்டிலேயே ஆபத்தான காலமும் இதுதான்.

"கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாசிக்கிற ஊரில் சூட்டால் என்ன கெடப்போகிறது?" என்று கேட்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாசிப்பவர்களுக்கு வெயிலென்றால் ஒரு பயம் உண்டு. வண்டி நின்றதும் முதலில் கீபோர்ட்டை இறக்கி நிழலில் வைப்பார்கள். நம் பக்கத்தில் அந்தப் பயம் கிடையாது. வேனைக் கோயில் திடலில் விட்டுவிட்டு, பூசை, அன்னதானம், அறிந்தவர் தெரிந்தவர் வீட்டுத் தேநீர் எல்லாம் முடித்துத்தான் கதவைத் திறக்கிறோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். நல்ல வெயில் நாளிலும் வெளியே 20, 22 பாகைதான். மூடிய வண்டிக்குள் அந்தக் கணக்குச் செல்லாது. வாகனங்களில் தனியே விடப்படும் குழந்தைகளுக்கு நேரும் ஆபத்தை அறிய, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பத்தை அளந்து 2005 இல் வெளியிட்டார்கள். வெளியே 22 பாகையாக இருந்த நாளிலிருந்து 36 பாகை நாள் வரை அளந்தார்கள். எல்லா நாளிலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 பாகை ஏறியது. அதில் பெரும்பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. நுவரெலியாவின் 22 பாகையோடு அந்த 22ஐக் கூட்டிப் பாருங்கள்: 44. யமஹா தன் கீபோர்ட் கையேடுகளில் சோதித்து உறுதிசெய்ததாகச் சொல்லும் இயங்கு வெப்பம் 5 முதல் 40 பாகை வரை. பகலில் காருக்குள் வைக்காதே என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்!

கறுப்பு நிறக் கருவியை நேர்வெயிலில், கூரையில்லாத மேடையில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். காற்று குளிராக வீசுவதால் கைக்குத் தெரியாது; மேல்பலகையைத் தொட்டால்தான் தெரியும். முதலில் திரை கறுத்து எழுத்து மறையும். அது பெரும்பாலும் ஆறியதும் திரும்பிவிடும், அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. உள்ளே நடப்பது திரும்புவதில்லை. மின்சுற்றில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது தொழில்நுட்பர்களின் பழைய கணக்கு. மெல்லிய பிளாஸ்டிக் கட்டைகள் வளைந்து ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். பழைய ரோலண்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: 1990ஐ ஒட்டி வந்த டி-70, ஜேடி-800 போன்றவற்றில் கட்டைக்கு எடை கொடுக்க ஒட்டிய சிவப்புப் பசை காலப்போக்கில் இளகிச் சொட்டி, கீழே உள்ள தொடுபரப்பையே மூடிவிடும். செக்கன்ட் ஹாண்டாக அப்படி ஒன்று கைக்கு வந்தால், வாங்குமுன் கட்டைகளின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூட்டைவிட, குளிரிலிருந்து சூட்டுக்குப் போகிற அந்தப் பயணம் பொல்லாதது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கல்யாணக் கச்சேரி. விடியற்காலை மூன்று மணிக்கு ஹட்டனில் வேன் புறப்பட்டு, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்குகிறது. பஞ்சு வைத்த பைக்குள் கீபோர்ட் மலையின் குளிரை அப்படியே சுமந்துகொண்டு வருகிறது. கொழும்பின் ஈரப்புழுக்கத்தில் பையைத் திறந்ததும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் போல அது வியர்க்கும். வெளியே வியர்த்தால் துடைத்துவிடலாம். உள்ளே, சுற்றுப்பலகையின் மேல் பூத்த நீரை யார் துடைப்பது? அந்த நேரத்தில் "சவுண்ட் செக்" என்று கரண்ட் கொடுத்தால் ஷோர்ட் ஆக வழி திறந்துவிட்டோம். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே எடுக்கும்போதும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது ஒன்றே. போய்ச் சேர்ந்ததும் பையைத் திறக்காமலே நிழலில் வைத்துவிடுங்கள். கருவி அந்த ஊர்ச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் நீர் பூக்காது. அவசரப்பட்டுத் திறந்து ஈரம் கண்டுவிட்டால் சுவிட்சைத் தொடாமல் சில மணி நேரம் காயவிட வேண்டும். கல்யாண வீட்டுக்காரர் எவ்வளவு கத்தினாலும் சரி. அதற்குத்தான் இசைக்குழு இரண்டு மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டும் என்கிறேன்.

இனி வீட்டுக்குள் வருவோம். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. வைகாசி தொடங்கினால் துணியே காயாது, கீபோர்ட் எப்படிக் காயும்? அதனால் நம் வீடுகளில் அடுப்படிச் சுவரோரமும், விறகு காயும் பரணுக்குப் பக்கமும் கீபோர்ட்டுக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே சூட்டோடு புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து உள்ளே போகின்றன. கட்டைக்கு அடியில் ரப்பர் குமிழும் அதில் இரண்டு கரித் தொடுபுள்ளிகளும் உண்டு. முதல் புள்ளி தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையிலான நேரத்தை வைத்துத்தான், நீங்கள் மெல்ல அழுத்தினீர்களா ஓங்கி அடித்தீர்களா என்று கருவி அறிகிறது. அதில் பிசுக்குப் படிந்தால், மெல்லத் தொட்ட சுரம் திடீரென்று அலறும், அல்லது ஊமையாகும். "கீபோர்ட் சூடாகிக் கிறுக்குப் பிடித்துவிட்டது" என்று கொண்டுவருகிற பலவற்றுக்கு நோய் இதுதான். ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். மண்ணெண்ணெயும் துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டவே வேண்டாம்.

லயத்துக் காம்பராவில் தகரக் கூரைக்கு நேர்கீழே, அலுமாரி உச்சியில் வைப்பதும் பிழை. மத்தியானத்தில் அறையிலேயே மிகச் சூடான இடம் அதுதான். இரவில் தகரத்தில் பூத்த நீர் சொட்டுவதும் அங்கேதான். இடுப்பளவு உயரத்தில், உள்சுவரோரம், பருத்தித் துணி போர்த்தி வைத்தால் போதும். இறப்பர், பிளாஸ்டிக் விரிப்பு கருவியைத் தொட்டபடி கிடந்தால் மேல்பலகையின் நிறம் மாறும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடலாம். ஈரம் போக்கப் பக்கத்தில் குண்டு பல்பு எரிய விடுகிறவர்கள் உண்டு. பூட்டிய அலுமாரிக்குள் அதைச் செய்தால், தீக்கு நாமே இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம். மின்னொழுக்கால் லயங்கள் எரிந்த செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்.

அடப்டரும் சூட்டுக் கணக்கில் சேரும். யமஹாவின் சிறிய கீபோர்ட்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட், முனையின் நடுவில் பிளஸ். பழைய காசியோக்கள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். "முனை பொருந்துகிறது, போடு" என்று கடைக்காரர் தரும் அடப்டர் கருவியை ஒரு நொடியில் முடித்துவிடலாம். கருவியின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்த்து வாங்குங்கள். அடப்டரைக் கம்பளத்துக்கு அடியிலோ பைக்குள்ளோ திணித்துவிட்டு வாசிக்காதீர்கள்.

சேதத்தின் விலையையும் சொல்லிவிடுகிறேன். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளின் விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு நடுத்தரக் கீபோர்ட்டுக்கு எத்தனை நாள் முழுப்பேர் போட வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக இடி. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமின்னல் இந்த மலைகளில் வழக்கம். கீபோர்ட் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ப்ளக் செருகியிருக்கும்வரை மின்கம்பியோடு அதற்குத் தொடர்பு உண்டு. வானம் கறுக்கத் தொடங்கியதுமே ப்ளக்கைக் கழற்றுங்கள், ஸ்பீக்கருக்கும் மிக்ஸருக்கும் போகும் வயர்களையும் சேர்த்து. மின்னல் வெட்டத் தொடங்கிவிட்டால் எதையும் தொடப் போகாதீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டால், அது உறுமல் அடங்கிச் சீராக ஓடும்வரை கீபோர்ட்டைச் செருகாதீர்கள். மேடை விளக்குகள் முதலில் எரியட்டும்.