ஆங்கிலப் பேச்சில் அசைச்சொற்கள்

ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதும் நம் இளைஞர் பலர், அதே மொழியில் பேச நேர்ந்தால் நா எழாமல் நிற்பதைக் காண்கின்றோம். சொல் தெரியாமை மட்டுமே இதற்குக் காரணமன்று. பேச்சின் நடுவே சிந்திக்க நேரம் தேவைப்படும்போது, அந்த இடைவெளியை எவ்வாறு கடப்பது என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. சிலர் வாய்மூடி நிற்கின்றனர். வேறு சிலர், வாக்கியந்தோறும் ‘யூ நோ’, ‘லைக்’ என்று தூவிவிட்டால் ஆங்கிலேயரைப் போலவே ஒலிக்கும் என்று நம்புகின்றனர். இவ்விரண்டுமே பயன் தரா.

மௌனம் ஏன் பயன் தராது? பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, வினாவுக்கும் விடைக்கும் இடையே மக்கள் விடும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று கண்டது. அந்த பத்து மொழிகளுள் ஆங்கிலமும் ஒன்று. ஆகவே நாம் இரண்டு மூன்று நொடி பேசாதிருந்தால், கேட்பவர் அதற்குத் தாமே ஒரு பொருள் கொள்கிறார்: “இவருக்கு விடை தெரியவில்லை” அல்லது “இவர் பேசி முடித்துவிட்டார்.”

இங்கேதான் ‘அ’, ‘அம்’ என்னும் சிற்றொலிகள் துணைக்கு வருகின்றன. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ‘அ’ என்பது சிறு தாமதத்தையும், ‘அம்’ என்பது சற்று நீண்ட தாமதத்தையும் கேட்பவருக்கு முன்னறிவிக்கின்றன என்று வாதிட்டனர். “பொறுங்கள், என் பேச்சு இன்னும் முடியவில்லை” என்பதே அவ்வொலியின் பொருள். இரண்டு வயது கடந்த குழந்தைகள்கூட, பெரியவர் இவ்வாறு தயங்கும்போது, தமக்குப் புதியதொரு பொருளைப் பற்றியே அவர் பேசப்போகிறார் என்று எதிர்பார்ப்பதாக 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

செய்யுளில் ஓசை நிறைக்கவும் பொருளின்றியும் நிற்கும் இடைச்சொற்களைத் தொல்காப்பியம் தனியே வகுத்துரைக்கின்றது. ஆங்கிலத்தின் அசைச்சொற்களையும் அவ்வாறே பொருளற்றவை எனக் கொள்வதால்தான் பிழை நேர்கின்றது. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. வெளிநாட்டு மருத்துவமனைப் பணிக்கு நேர்முகத் தேர்வு காணும் ஒரு செவிலியரை எண்ணிக்கொள்வோம். “அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியிருக்கிறீர்களா?” என்னும் வினாவுக்கு, ஆறு மாதமே பணியாற்றியவர் ‘வெல்’ என்று தொடங்குவது பொருத்தம், விடை முழுமையான ‘ஆம்’ அன்று என்பதை அச்சொல் உணர்த்துகிறது. சொன்னதைத் திருத்த ‘ஐ மீன்’ உதவும். மருந்தின் அளவை மாற்றிச் சொல்லிவிட்டால், அச்சொல்லோடு உடனே திருத்துவது நோயாளியைக் காக்கும். ஆனால் அளவுக்கு முன் ‘லைக்’ என்று சொன்னால், திட்டமான அளவும் ‘ஏறத்தாழ’ என்றாகிவிடும்!

நம்மவர் மிகுதியாக ஆளும் ‘ஆக்சுவலி’யையும் இங்கே குறிப்பிட வேண்டும். “நீங்கள் நினைப்பதற்கு மாறாக” என்னும் சாயல் அதற்கு உண்டு. “உங்கள் ஊர் எது?” என்று கேட்டவரிடம், “ஆக்சுவலி, திருச்சி” என்றால், ‘நான் வேறோர் ஊரைச் சொன்னேனா?’ என்று அவர் திகைப்பார். அவ்வாறே, தமிழில் நாம் இயல்பாகக் கூறும் ‘வந்து’, ‘அது’ என்பவை ஆங்கிலத்தின் நடுவே நுழைந்தால், தமிழறியாதவர் அவற்றை ஏதோ புரியாத ஆங்கிலச் சொல் என்றே எண்ணி மயங்குவார்.

அளவு என்ன? மேடைப் பேச்சுக்கும் உரையாடலுக்கும் அளவு வேறு. 1924-இல் கலிபோர்னியாவில் தோன்றிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், பேசுவோரின் ‘ஆ’, ‘அம்’களை எண்ணுவதற்கென்றே ஒருவரை அமர்த்துவர். உரையாடலில் அத்துணைக் கண்டிப்பு வேண்டியதில்லை. வெளிநாடு செல்வோர் பலர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில், பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடைபெறும். சரளத்துக்கான அதன் உச்ச மதிப்பெண்ணும் தயக்கத்தை அறவே விலக்கவில்லை. கருத்தைத் தேடித் தயங்கலாம், சொல்லையும் இலக்கணத்தையும் தேடித் தயங்குவதே குறை என்கிறது. எனவே கடினமான வினாவுக்கு முன், ‘லெட் மீ திங்க்’ என்று ஒருமுறை கூறி, சிறிது எண்ணிப் பேசுவது குற்றமாகாது. ஆயினும் பெயரும் ஊரும் சொல்லுமிடத்தில் ‘அம்’ எதற்கு?

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழகும்போது, நடுவில் தயங்கினால் நகைக்காதீர்கள். அந்தச் சொல்லை நீங்களே முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். “மெதுவாகச் சொல்” என்று கூறிக் காத்திருங்கள். கேட்பவர் காத்திருப்பார் என்னும் உறுதி பிறந்துவிட்டால் அச்சம் விலகும். அச்சம் விலகினால், கற்ற சொற்கள் தாமே நாவில் வந்து நிற்கும்.