எலும்பு காட்டும் பொட்டும், மருத்துவர் எழுதும் கடிதமும்

சித்திரை மாதத்து நண்பகல். ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரத்தில் கல்தளம் கொதிக்கிறது. எல்லாரும் நிழல் பார்த்துத் தாவித் தாவிப் போகிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் வெயிலில் நிதானமாக நடக்கிறார். பக்தி மிகுதி என்று எண்ணிவிடாதீர்கள். இருபது ஆண்டு நீரிழிவில் அவருடைய பாதத்து நரம்புகள் மரத்துவிட்டன, சூடு தெரியவில்லை. மாலையில் உள்ளங்காலில் கொப்புளத்தைக் கண்டு பதறுபவள் அவருடைய மருமகள்தான்.

இப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொப்புளம் புண்ணாகிறது. ஆறுவதும் மறுபடி திறப்பதுமாக இரண்டு மாதம் கழிகிறது. பாதம் சிவந்து வீங்குகிறது. காவிரிப் பாலம் கடந்து திருச்சிக்கு மருத்துவரிடம் அழைத்து வருகிறார்கள். மருத்துவர் முன் நிற்கும் கேள்வி இதுதான்: கிருமி சதையோடு நின்றுவிட்டதா, எலும்புக்குள் இறங்கிவிட்டதா? சதையோடு நின்றிருந்தால் ஓரிரு வார மருந்து போதலாம். எலும்பில் புகுந்திருந்தால் ஆறு வாரம் வரை மருந்து, சிலருக்கு அறுவையும் வேண்டும். தவறவிட்டால் விரலோ பாதமோ போகும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரியாதா? தெரியும், ஆனால் காலம் கடந்து தெரியும். எலும்பிலுள்ள சுண்ணச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே படத்தில் மாறுதல் புலப்படும். அதற்கு இரண்டு வாரமாவது ஆகிவிடும். கதிரியக்க எலும்பு ஸ்கேன் இரண்டு மூன்று நாட்களிலேயே குறி காட்டிவிடக்கூடும். எப்படி?

எலும்பு செத்த பொருளன்று. ஓயாமல் இடிபட்டுக் கட்டப்படும் வீடு அது. கிருமி தாக்கிய இடத்தில் கட்டட வேலை மும்முரமாக நடக்கும். அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் பாஸ்பேட் இனத்துப் பொருளோடு டெக்னீஷியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தைப் பிணைத்து நரம்பில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். வேலை மிகுந்த இடத்தில் அது மிகுதியாகச் சேர்கிறது. அங்கிருந்து புறப்படும் காமாக் கதிர்களைக் காமிரா ஒன்று படமாக்குகிறது. எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடலுக்குள் போகிறது. இங்கே உடலுக்குள்ளிருந்து வெளியே வருகிறது.

டெக்னீஷியம் 1937-இல் கண்டறியப்பட்டது. மனிதன் செயற்கையாகப் படைத்த முதல் தனிமம் இதுவே. 1971-இல் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் இதைப் பாஸ்பேட்டோடு பிணைத்து எலும்பைப் படம் பிடிக்கலாம் என்று காட்டிய இருவரில் ஒருவர் பெயர் கோபால் சுப்பிரமணியன். இன்று உலகெங்கும் பயன்படும் எம்.டி.பி. என்ற மருந்தையும் 1975-இல் அறிமுகம் செய்தது அவர் குழுதான். நம் பாடநூல்களில் இந்தப் பெயர் வந்திருக்கலாம்!

மருத்துவத்துக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலை ஆறு மணிக்கு 100 பங்கு இருந்தால், நண்பகலில் 50, மாலை ஆறுக்கு 25. எனவே இதை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. அரை ஆயுள் 66 மணி நேரமுள்ள மாலிப்டினத்தை ஒரு கலத்தில் வைத்திருந்து, அதிலிருந்து பிறக்கும் டெக்னீஷியத்தை அன்றன்று உப்புநீர் விட்டு வடித்துக்கொள்கிறார்கள். பால் கறப்பது போன்ற வேலை; இத்துறையினர் அந்தக் கலத்தைப் பசு என்றே அழைப்பதுண்டு.

கிருமி உண்டா என்று பார்க்க மூன்று கட்டமாகப் படம் எடுப்பார்கள். ஊசி போட்டவுடன் இரத்தம் பாய்வதை ஒரு முறை. சில நிமிடத்தில் திசுக்களில் அது தேங்குவதை ஒரு முறை. இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்து எலும்பில் படிந்ததை ஒரு முறை. சதையில் மட்டும் அழற்சி என்றால் முதல் இரண்டில் மிகுந்து, மூன்றாவதில் எலும்பு தனித்துத் தெரியாது. எலும்பிலும் இருந்தால் மூன்றிலும் கரும்பொட்டாகத் தெரியும்.

இங்கேதான் சிக்கல். வேலை நடக்கிறது என்று பொட்டு சொல்லும். ஏன் நடக்கிறது என்று சொல்லாது. ஆறு மாதம் முன் முறிந்து கூடிய எலும்பும் பொட்டாகும். மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஓராண்டுக்கு மேலும் பொட்டு தெரியலாம். நீரிழிவால் மரத்த பாதத்தில் கிருமியே இல்லாமல் எலும்புகள் நொறுங்கும் சார்க்கோ பாதம் என்ற நோயும் மூன்று கட்டத்திலும் பொட்டுக் காட்டக்கூடும். வளரும் பிள்ளைகளுக்கோ எலும்பு நுனிகளில் பொட்டு இருப்பதே இயல்பு.

ஆகவே படம் பார்ப்பவருக்குக் கண்ணோடு கதையும் வேண்டும். அந்தக் கதையைச் சொல்வது, நோயாளியை அனுப்பும் மருத்துவர் எழுதும் கடிதம். 'எலும்பு ஸ்கேன் எடுக்கவும்' என்று ஒரு வரி எழுதியனுப்புவது, முகவரியில் 'திருச்சி' என்று மட்டும் எழுதித் தபாலில் போடுவதற்குச் சமம். புண் எந்தக் காலில், எந்த விரலடியில்? எத்தனை நாளாக? புண்ணில் கம்பி விட்டுப் பார்த்தபோது எலும்பு தட்டியதா? முறிவோ அறுவையோ நடந்ததா, எப்போது? உள்ளே உலோகத் தகடு உண்டா? கிருமிக்கொல்லி மருந்து எந்தத் தேதியிலிருந்து? இரத்தச் சோதனை என்ன சொன்னது? இவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். மருத்துவர் அவசரத்தில் விட்டதை நீங்கள் நினைவூட்டலாம். பழைய எக்ஸ்ரே படங்களைக் கையோடு கொண்டுபோகலாம். என் கருத்தில், மடித்து வைத்த அந்தப் பழைய உறைக்கு விலையுயர்ந்த காமிராவுக்கு உள்ள மதிப்பு உண்டு.

எல்லாருக்கும் இந்த ஸ்கேன் முதல் சோதனையன்று. பாதத்துக்கும் முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. படமே பெரும்பாலும் முந்தி வருகிறது. அதைச் செய்ய இயலாதவருக்கும், பல இடங்களில் நோய் இருக்கலாம் என்று ஐயமுள்ளவருக்கும் இது கைகொடுக்கும். ஐயம் தீராவிட்டால், நோயாளியின் இரத்தத்தை எடுத்து, வெள்ளையணுக்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டுத் திரும்பச் செலுத்தும் முறை ஒன்றுண்டு. அவை கிருமியைத் தேடிப் போவதால், சார்க்கோ பாதத்தையும் கிருமியையும் பிரித்தறிய உதவும். எல்லா மையங்களிலும் இதைச் செய்வதில்லை. விசாரித்த பிறகே போக வேண்டும்.

கதிரியக்கம் என்றதும் அஞ்சவேண்டாம். எலும்பு ஸ்கேனில் உடலில் ஏறும் அளவு சுமார் 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உலக மனிதர் ஒருவர் ஓராண்டில் பெறுவது சராசரி 2.4. ஊசிக்குப் பின் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் இன்னும் குறையும். கருவுற்றிருப்பவரும் பாலூட்டும் தாயும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம் பெரியவரின் படத்தில் பெருவிரல் அடியில் மூன்று கட்டத்திலும் பொட்டு. கடிதத்தில் 'முறிவு இல்லை; கம்பி எலும்பில் தட்டியது' என்று இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் ஐயத்துக்கு இடம் குறைந்தது. அடுத்து அந்த இடத்திலிருந்து எலும்புத் துணுக்கு ஒன்றை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்ப்பார்கள்.