ஊர்ப் பாடகர்கள் வளர்த்த பல்கலைக்கழக இசை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரில், 1879ஆம் ஆண்டு உள்ளூர்த் தேவாலயங்களின் பாடகர்கள் ஒன்றுகூடி, ஹேண்டல் இயற்றிய ‘மெசையா’வின் குழுப்பாடல்களைப் பயின்றனர். மெசையா என்பது, நடிப்பின்றித் தனிக்குரலும் குழுக்குரலும் வாத்தியங்களும் சேர்ந்து சமயக் கதையை இசைக்கும் ‘ஒரட்டோரியோ’ என்ற வகையைச் சேர்ந்த படைப்பாகும்.

மிச்சிகன் பல்கலைக்கழக லத்தீன் பேராசிரியர் ஹென்றி சிம்மன்ஸ் ஃப்ரீஸ் ஊக்குவித்த இம்முயற்சியிலிருந்து, நகர மக்களையும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் இணைக்கும் பல்கலைக்கழக இசைச் சங்கம் 1880இல் உருவானது. முறையான இசைக்கல்விக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் மிகக் குறைவாக இருந்த அக்காலத்தில், இச்சங்கமே ஓர் இசைப்பள்ளியைத் தோற்றுவித்துப் பல்லாண்டுகள் நடத்தியது. அப்பள்ளி 1940இல் பல்கலைக்கழகத்துடன் முழுமையாக இணைந்தது.

1894இல் இச்சங்கத்தின் சார்பில் ஆல்பர்ட் ஸ்டான்லி தொடங்கிய மே மாத இசைவிழா நூறாண்டு காலம் நீடித்தது. 1936 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பிலடெல்பியா இசைக்குழு ஆண்டுதோறும் அவ்விழாவில் வாசித்தது. அச்சங்கத்தின் குழுப்பாடகர்களாக இன்றும் பல தொழில்களைச் சேர்ந்த நகர மக்கள் மாணவர்களோடு சேர்ந்து பாடுகின்றனர். பல்கலைக்கழகக் கலைக்கல்வி வேரூன்றுவதற்கு அதனைச் சூழ்ந்து வாழும் மக்களின் ஈடுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வரலாறு உறுதிப்படுத்துகிறது.